தங்கையின் கணக்கை யாரோ கைப்பற்றிவிட்டார்கள், மின்னஞ்சலையும் மாற்றிவிட்டார்கள்: மீட்க வழி உண்டா?

மழைத்துளி:

வணக்கம். அவசர உதவி தேவை. என் தங்கை ஓவியம் வரைபவள். பல வருடமாக ஒரு படப்பகிர்வுத் தளத்தில் தன் ஓவியங்களைப் போட்டு வருகிறாள். வேலை கொடுப்பவர்கள் எல்லாரும் அந்தக் கணக்கின் உள்பெட்டிக்குத்தான் எழுதுவார்கள். இன்று காலை பார்த்தால் போனில் லாக் அவுட் ஆகியிருக்கிறது. கடவுச்சொல் ஏற்கவில்லை. "கடவுச்சொல் மறந்துவிட்டது" என்பதை அழுத்தினால், எங்களுக்குத் தெரியாத ஏதோ ஒரு மின்னஞ்சல் முகவரிக்கு லிங்க் அனுப்பியதாகச் சொல்கிறது.

அதற்குள் கணக்கின் பெயரையும் மாற்றிவிட்டார்கள். அவள் பெயரிலேயே "கிரிப்டோவில் போட்டேன், பணம் இரட்டிப்பானது" என்று பதிவு ஓடுகிறது. நம்பி யாராவது பணம் போட்டுவிடுவார்களோ என்பதுதான் அவளுக்குப் பெரிய பயம். சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாள். வேறொரு இடத்தில் உதவி கேட்டு எழுதினேன். ஒரு மணி நேரத்துக்குள் நாலைந்து பேர் தனிச்செய்தியில் வந்து, முன்பணம் கொடுத்தால் மீட்டுத் தருகிறோம் என்கிறார்கள். இவர்களை நம்பலாமா?

செந்தூரன்:

முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில்: நம்பாதீர்கள், ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். தளத்தின் உள்ளே இருப்பவர்களைத் தவிர வேறு யாருக்கும் உங்கள் கணக்கைத் திறக்கும் வழி கிடையாது. "ஹேக் ஆகிவிட்டது" என்ற சொற்களைத் தேடிப் பிடித்து பதில் போடுவதுதான் இந்த ஆட்களின் தொழில். பணத்தை வாங்கிக்கொண்டு மறைவார்கள். அல்லது "சரிபார்க்க வேண்டும், உங்கள் போனுக்கு வந்த எண்ணைச் சொல்லுங்கள்" என்று கேட்டு மின்னஞ்சலையும் பறிப்பார்கள். தனிச்செய்திகளுக்குப் பதிலே போடாமல் தடை செய்துவிடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது. தங்கை இந்தக் கணக்கைத் தொடங்கும்போது கொடுத்த மின்னஞ்சல் இன்னும் அவள் கையில் இருக்கிறதா? இருந்தால் வேறு எதையும் தொடும் முன் அதைப் பத்திரப்படுத்துங்கள். கடவுச்சொல்லை மாற்றுங்கள். எந்தெந்தச் சாதனங்களில் திறந்திருக்கிறது என்ற பட்டியலைப் பார்த்து, தெரியாதவற்றை வெளியேற்றுங்கள். பிறகு செட்டிங்ஸில் ஃபில்டர் (வரும் மின்னஞ்சலைத் தானாகப் பிரிக்கும் விதி), ஃபார்வர்டிங் (வேறு முகவரிக்குத் தானாக அனுப்புவது) இரண்டையும் பாருங்கள். பலர் விட்டுவிடும் இடம் இதுதான். உள்ளே புகுந்தவர், தளத்திலிருந்து வரும் எச்சரிக்கை மின்னஞ்சல்கள் நேராகக் குப்பைக்கூடைக்குப் போகும்படி ஒரு விதி எழுதிவைத்திருப்பார். உங்களுக்கு எதுவுமே வராதது போலத் தெரியும்.

கணக்கின் மின்னஞ்சலை யாராவது மாற்றினால், பழைய முகவரிக்குத் தளம் ஒரு அறிவிப்பு அனுப்பும். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் இரண்டும் அப்படித்தான். "இதைச் செய்தது நான் இல்லை" என்ற பொருளில் ஒரு லிங்க் அதில் இருக்கும். அதை அழுத்தினால் மாற்றத்தைத் திருப்பிவிடலாம். ஸ்பேம், குப்பை, ஆர்கைவ் எல்லாவற்றிலும் தேடுங்கள். அனுப்புநர் முகவரி தளத்துடையதுதானா என்று எழுத்தெழுத்தாகப் பார்த்துவிட்டு அழுத்துங்கள். இதே மாதிரி போலி மின்னஞ்சலும் சுற்றுகிறது.

இன்னொன்று. வேறு ஏதாவது சாதனத்தில், பழைய டேப்லெட்டோ கணினியோ, அந்தக் கணக்கு இன்னும் திறந்த நிலையில் இருக்கிறதா? இருந்தால் தயவுசெய்து அதில் லாக் அவுட் செய்யாதீர்கள், ஆப்பை நீக்கிவிட்டுத் திரும்ப நிறுவவும் வேண்டாம், உள்ளே இருக்கும் அந்த ஒரு வழியும் போய்விடும்.

வள்ளி_க:

செந்தூரன் அண்ணா சொன்ன வரிசையிலேயே போங்கள் மழைத்துளி. நான் சொல்ல வருவது வேறு. கணக்கு திரும்ப நேரம் பிடிக்கலாம், ஆனால் பணம் போட்டு ஏமாறுவதை இன்றே தடுக்கலாம். தங்கையின் நண்பர்கள், அவளுக்கு வேலை கொடுத்தவர்கள் எல்லாருக்கும் போனிலோ வேறு வழியிலோ இப்போதே சொல்லிவிடுங்கள். தெரிந்தவர்கள் சிலர் அந்தக் கணக்கின் பக்கத்துக்குப் போய், "ஹேக் செய்யப்பட்டது" என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்துப் புகார் கொடுக்கட்டும்.

பெயர் மாறிவிட்டது என்கிறீர்களே, தேடலில் கணக்கு கிடைக்காது. தங்கையோடு முன்பு உள்பெட்டியில் பேசிய யாராவது அந்தப் பழைய உரையாடலைத் திறந்து, மேலே இருக்கும் பெயரை அழுத்தினால் இப்போதைய பயனர்பெயர் தெரியும். அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், மீட்புப் படிவத்தில் கேட்கும். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, மின்னஞ்சல் கையில் இருந்தால் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. அவளைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

முகிலன்:

இழைக்குள் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். என் கணக்கும் போய்விட்டது, ஆனால் யாரும் ஹேக் செய்யவில்லை. "விதிமுறைகளை மீறியதால் உங்கள் கணக்கு இடைநிறுத்தப்பட்டது" என்று வருகிறது. எந்தப் பதிவு, எந்த விதி என்று ஒன்றும் இல்லை. நானும் இதே வழியில் போகலாமா?

செந்தூரன்:

போக வேண்டாம் முகிலன். உங்களுடையது வேறு கதவு. இதில் குழம்பித்தான் பலர் நாட்களை வீணாக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் கணக்கைப் பூட்டியது யார் என்பதுதான் முதல் கேள்வி. திருடன் பூட்டினால் மழைத்துளியின் நிலைமை. தளமே சந்தேகப்பட்டுத் தற்காலிகமாகப் பூட்டுவது இரண்டாவது வகை: புதிய போன், புதிய ஊர், விபிஎன் (இருக்கும் இடத்தை மறைக்கும் இணைப்பு), ஒரே நேரத்தில் நிறைய பேரைப் பின்தொடர்ந்தது, இப்படிக் காரணம் எதுவாகவும் இருக்கலாம். அதற்கு ஒரு ஓடிபியோ, படத்தில் இருக்கும் எழுத்தைத் தட்டுவதோ போதும். பழகிய சாதனத்தில், பழகிய வைஃபையில், விபிஎன்னை அணைத்துவிட்டு முயன்றால் பெரும்பாலும் திறந்துவிடும். விதிமீறல் என்று தளம் முடக்குவது மூன்றாவது. அங்கே அடையாளத்தை நிரூபிப்பது மட்டும் போதாது, முறையீடு செய்ய வேண்டும். நீங்கள் "ஹேக் ஆனது" என்று தவறான படிவத்தில் எழுதினால், அந்தக் கோரிக்கை மூடப்பட்டுவிடும், நேரமும் போய்விடும்.

ஃபேஸ்புக் என்றால் இடைநிறுத்திய நாளிலிருந்து முறையிட 180 நாள் தருகிறார்கள். அதைத் தாண்டினால் நிரந்தரமாக முடங்கிவிடும். லாகின் செய்தால் அந்தத் திரையிலேயே முறையிடும் பொத்தான் இருக்கும். உங்கள் தரவைப் பதிவிறக்கும் வழியும் அங்கேயே காட்டினால் முதலில் அதைச் செய்யுங்கள். முறையீட்டில் கோபத்தைக் கொட்ட வேண்டாம். கணக்கை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள், எந்தத் தேதிக்கு முன் எல்லாம் சரியாக இருந்தது, இடையில் யாராவது உள்ளே வந்த அறிகுறி உண்டா என்று சில வரிகளில் எழுதுங்கள். கணக்கில் இருக்கும் பெயரும் பிறந்த தேதியும் அடையாள அட்டையோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பிறந்த தேதியை நிறைய பேர் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். ட்விட்டரில் அதை 13 வயதுக்குக் குறைவாக மாற்றியவர்களின் கணக்கு அப்போதே பூட்டப்பட்டிருக்கிறது.

முகிலன்:

மிக்க நன்றி. பெயர் பொருந்துகிறது, பிறந்த வருடம்தான் சந்தேகம். பார்த்துவிட்டு முறையிடுகிறேன்.

மழைத்துளி:

செந்தூரன் அண்ணா, நீங்கள் சொன்ன மாதிரியே இருந்தது! மின்னஞ்சலில் நாங்கள் எழுதாத ஒரு ஃபில்டர். அந்தத் தளத்தின் பெயர் வரும் எல்லாமே நேராகக் குப்பைக்குப் போகிறது. அதை நீக்கி, கடவுச்சொல் மாற்றி, தெரியாத ஒரு பிரவுசரையும் வெளியேற்றிவிட்டோம். குப்பையில் அந்த "மின்னஞ்சல் மாற்றப்பட்டது" அறிவிப்பு கிடைத்தது. அழுத்தினால் மின்னஞ்சல் பழையபடி வந்துவிட்டது, புதிய கடவுச்சொல்லும் வைத்துவிட்டோம். ஆனால் உள்ளே போக முடியவில்லை. ஆதென்டிகேட்டர் (உள்நுழையும் எண்ணைப் போனிலேயே உருவாக்கித் தரும் ஆப்) எண் கேட்கிறது. திருடன் இரண்டடுக்குச் சரிபார்ப்பை, அதாவது கடவுச்சொல்லோடு இன்னொரு எண்ணும் கேட்கும் பூட்டை, அவனுடைய போனில் போட்டுவைத்திருக்கிறான்.

நீலவானம்:

அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். முகத்தை வீடியோ எடுத்து அனுப்பு, அடையாள அட்டையை அனுப்பு என்பார்கள். நான் இதற்கு முற்றிலும் எதிரானவன். ஏற்கனவே நம்மைப் பற்றி இவ்வளவு வைத்திருக்கும் நிறுவனத்துக்கு, ஒரு கணக்கைத் திரும்பப் பெற முகத்தையும் அரசு ஆவணத்தையும் சேர்த்துக் கொடுப்பதா? புதிய கணக்கு தொடங்குங்கள், பழையதை விட்டுத் தள்ளுங்கள். கடவுச்சொல்லை மாற்றலாம், முகத்தை மாற்ற முடியாது.

வள்ளி_க:

நீலவானம், உங்கள் கவலை நியாயமானது, அதை லேசாக நினைக்கவில்லை. ஆனால் விட்டுத் தள்ளினால் அந்தக் கணக்கு திருடனிடமே இருக்கும். அவள் பெயரில், அவள் ஓவியங்களை வைத்து, அவளை நம்பியவர்களிடமே அவன் பணம் கேட்பான். அவளுக்கு மட்டும் ஏற்படும் இழப்பாக இருந்தால் விட்டுவிடலாம். இங்கே ஏமாறப் போவது மற்றவர்கள்.

செந்தூரன்:

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. எங்கே கொடுக்கிறோம் என்பதுதான் முக்கியம். தளத்தின் ஆப்புக்குள்ளோ அதிகாரப்பூர்வப் பக்கத்திலோ மட்டும் பதிவேற்ற வேண்டும். செய்தியில் பேசும் எந்த "உதவி அலுவலருக்கும்" ஆவணம் அனுப்பக் கூடாது. அந்தப் படம் வேறொரு கணக்கைத் திறக்கப் பயன்பட்டுவிடும். இன்ஸ்டாகிராம் கேட்கும் முகவீடியோவில் தலையை வெவ்வேறு பக்கம் திருப்பிக் காட்ட வேண்டும். அது யாருக்கும் தெரியும்படி வெளியாகாது, 30 நாளுக்குள் நீக்கப்படும் என்று அவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் முடிவு.

மழைத்துளியின் விஷயத்தில் அந்த வழி எப்படியும் ஓடாது என்று நினைக்கிறேன். முகவீடியோவைக் கணக்கில் இருக்கும் படங்களோடுதான் ஒப்பிடுகிறார்கள். தங்கையின் கணக்கில் அவள் முகம் இருக்கும் படம் உண்டா?

மழைத்துளி:

ஒன்றுகூட இல்லை. எல்லாமே ஓவியம்தான். பென்சிலில் வரைந்த அவள் முகம் ஒன்று இருக்கிறது, அது உதவாது என்று நினைக்கிறேன்.

செந்தூரன்:

உதவாது. ஆனால் முகம் இல்லாத கணக்குகளுக்குத் தனி வழி இருக்கிறது. லாகின் திரையில் இரண்டடுக்கு எண் கேட்கும் இடத்தில் "வேறு வழியில் முயற்சி செய்" என்பது போல ஒன்று இருக்கும். அதன் வழியே உதவி கேட்டால், கணக்கில் உங்கள் படம் இருக்கிறதா என்று கேட்கும். இல்லை என்று சொன்னால், கணக்கைத் தொடங்கும்போது கொடுத்த மின்னஞ்சல் அல்லது போன் எண், அப்போது பயன்படுத்திய சாதனத்தின் வகை ஆகியவற்றைக் கேட்டு மின்னஞ்சல் வரும். இன்ஸ்டாகிராம் இப்படித்தான் செய்கிறது. ஹேக் ஆனவர்களுக்கென்று 2022 டிசம்பரில் அவர்கள் தொடங்கிய மீட்புப் பக்கம் ஒன்றும் இருக்கிறது. தளத்தின் முகவரியோடு சாய்கோடு போட்டு, ஆங்கிலத்தில் "ஹேக்டு" என்று சேர்த்தால் அங்கே போகும். ஃபேஸ்புக்கிலும் அதே போன்ற முகவரி உண்டு.

கேட்கும் விவரங்களை நினைவிலிருந்து ஊகித்து எழுத வேண்டாம். கணக்கு தொடங்கிய நாளில் வந்த வரவேற்பு மின்னஞ்சலைத் தேடுங்கள். அப்போது எந்த முகவரி, எந்தப் போன் என்று அதில் பிடி கிடைக்கும். இப்போதைய முகவரி வேறு, தொடங்கியபோது கொடுத்தது வேறு என்று இருந்தால், கேட்பது பழையதைத்தான்.

கடைசியாக, திரும்பத் திரும்ப முயலாதீர்கள். அடுத்தடுத்து ஓடிபி கேட்டால் முந்தைய எண் செல்லாமல் போகும். தாமதமாக வந்த பழைய எண்ணைப் போட்டுவிட்டு, "தவறு" என்று வந்ததும் இன்னொன்று கேட்பார்கள். இது தொடர்ந்தால் தளம் உங்களையே திருடன் என்று நினைத்து மேலும் இறுக்கும். ஒரு முறை கேளுங்கள், வரும் வரை காத்திருங்கள்.

தேன்மொழி:

நல்ல நேரத்தில் இந்த இழை கண்ணில் பட்டது. எனக்குத் திருட்டு இல்லை, போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. ஆதென்டிகேட்டர் அதில்தான் இருந்தது. புதிய போனில் ஆப்பை நிறுவினால் காலியாக இருக்கிறது. இன்னொரு கணக்கின் எண்கள் கணவரின் பழைய போனில் இருக்கின்றன, ஆனால் எந்த எண்ணைப் போட்டாலும் தவறு என்கிறது.

செந்தூரன்:

இரண்டாவதை முதலில் பார்ப்போம், அது எளிது. அந்தப் பழைய போனின் கடிகாரம் சரியாக இருக்கிறதா? ஆதென்டிகேட்டர் எண்கள் நேரத்தை வைத்துக் கணக்கிடப்படுபவை, பொதுவாக 30 விநாடிக்கு ஒரு முறை மாறும். இணையம் இல்லாமல் கிடந்த போனில் நேரம் சில நிமிடம் பிசகியிருந்தால் எல்லா எண்ணும் தவறாகத்தான் வரும். நேரத்தைத் தானாக அமைத்துக்கொள்ளும்படி வைத்துவிட்டு முயலுங்கள்.

தண்ணீரில் விழுந்த போனுக்கு: கூகுள் ஆதென்டிகேட்டர் என்றால் 2023 ஏப்ரலில் கூகுள் கணக்கோடு ஒத்திசைக்கும் வசதி வந்தது. அதை அப்போது இயக்கியிருந்தால், அதே கூகுள் கணக்கில் நுழைந்ததும் எண்கள் வந்துவிடும். இல்லையென்றால் பேக்கப் கோடுகள். இரண்டடுக்கை இயக்கிய நாளில் ஒரு பட்டியல் கொடுத்திருப்பார்கள், கூகுள் தருவது பத்து எண்கள், ஒவ்வொன்றும் ஒரு முறைதான் செல்லும். பதிவிறக்கக் கோப்புறையிலோ ஸ்கிரீன்ஷாட்களிலோ கிடக்கலாம், தேடுங்கள்.

தேன்மொழி:

கடிகாரம்தான்! சரி செய்ததும் திறந்துவிட்டது. பேக்கப் கோடுகளை மடிக்கணினியில் தேடுகிறேன். நன்றி அண்ணா.

இளவேனில்:

போன் எண்ணைப் பற்றி யாரும் பேசவில்லையே. என் பழைய எண்ணை ரீசார்ஜ் செய்யாமல் விட்டேன், அது இப்போது வேறு யாருக்கோ போய்விட்டது. மீட்பு எண்ணாகப் பழைய கணக்குகள் எல்லாவற்றிலும் அதுதான் இருக்கிறது.

செந்தூரன்:

இப்போதே, உள்ளே போக முடிகிற எல்லாக் கணக்கிலும் அதை மாற்றுங்கள். இன்று தள்ளிப்போட வேண்டாம். எண் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில் ஓடிபி. போன் நிறுவனத்தை ஏமாற்றி, இன்னொருவர் எண்ணைத் தன் சிம்முக்கு மாற்றிக்கொள்ளும் மோசடியும் இதே வழியில்தான் நடக்கிறது. 2019 ஆகஸ்டில் ட்விட்டரின் தலைமை நிர்வாகியாக இருந்த ஜாக் டோர்சியின் சொந்தக் கணக்கையே அவருடைய போன் எண் வழியாகத்தான் பிடித்தார்கள். வாட்ஸ்அப்பில் இரண்டடுக்கு ரகசிய எண் (PIN) வைக்காமல் இருந்தால், உங்கள் பழைய போன் எண்ணை வாங்கியவர் உங்கள் பெயரிலேயே நுழையலாம். வைத்திருந்தால், அந்த ரகசிய எண் தெரியாதவர் அதை மாற்ற 7 நாள் காத்திருக்க வேண்டியிருக்கும். அந்த இடைவெளி பலரைக் காப்பாற்றியிருக்கிறது.

கூகுளில் யாராவது உங்கள் மீட்பு எண்ணையோ மின்னஞ்சலையோ மாற்றிவிட்டாலும், மாற்றிய பின் 7 நாள் வரை பழையதை வைத்து மீட்க விடுவார்கள். இந்த மாதிரிக் கால எல்லைகளால்தான் முதல் வாரம் அவ்வளவு முக்கியம்.

நீலவானம்:

ஒரு கேள்வி, எதிர்வாதத்துக்காக இல்லை. மழைத்துளியின் தங்கை மின்னஞ்சலுக்கும் இரண்டடுக்கு வைத்திருந்தால் இது நடந்திருக்காதா? நான் அதை மட்டும்தான் நம்பியிருக்கிறேன்.

செந்தூரன்:

பெரும்பாலான தாக்குதல்கள் நின்றிருக்கும். எல்லாம் இல்லை. நாம் லாகின் செய்தபின் பிரவுசரில் ஒரு அடையாளக் கோப்பு தங்குகிறது, குக்கி என்பது அதுதான். கள்ள மென்பொருள் அந்தக் கோப்பைத் திருடினால் கடவுச்சொல்லும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம், நேராக உள்ளே வரலாம். 2023 மார்ச்சில் லைனஸ் டெக் டிப்ஸ் யூடியூப் சேனலை இப்படித்தான் பிடித்தார்கள். விளம்பர ஒப்பந்தம் என்று வந்த கோப்பைப் பணியாளர் ஒருவர் திறந்ததில் தொடங்கியது. ஓவியர்களுக்கும் "வேலை விவரம் இந்தக் கோப்பில்" என்று இதே தூண்டில் வருகிறது. அதனால்தான் கடவுச்சொல்லை மாற்றினால் போதாது, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்ற வேண்டும் என்கிறேன். கணினியையும் ஸ்கேன் செய்யுங்கள். அதில் கள்ள மென்பொருள் இருக்கும்போது அதிலேயே புதிய கடவுச்சொல் வைத்தால், அதுவும் அவன் கைக்குப் போகும். சுத்தமான வேறொரு சாதனத்தில் மாற்றுங்கள்.

மழைத்துளி:

கணக்கு திரும்பிவிட்டது! எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

முகம் இல்லை என்று சொன்னதும், செந்தூரன் அண்ணா சொன்னபடியே விவரம் கேட்டு மின்னஞ்சல் வந்தது. வரவேற்பு மின்னஞ்சலைத் தோண்டி எடுத்தோம். தங்கை அவளுடைய கல்லூரிக் காலத்து முகவரியில்தான் கணக்கைத் தொடங்கியிருக்கிறாள், அது எங்களுக்கு நினைவிலேயே இல்லை. அதையும் அப்போதிருந்த போனின் வகையையும் எழுதி அனுப்பினோம். முதலில் "உறுதிப்படுத்த முடியவில்லை" என்று ஒரு தானியங்கிப் பதில் வந்தது. மனம் தளர்ந்துவிட்டது. வள்ளி அக்கா தனிச்செய்தியில், நிதானமாக அதே விவரங்களை இன்னொரு முறை அனுப்பச் சொன்னார். இந்த முறை, பழகிய போனில் வீட்டு இணையத்தில் இருந்து அனுப்பினோம். லிங்க் வந்தது, திருடனின் ஆதென்டிகேட்டரும் நீங்கியது.

கிரிப்டோ பதிவுகளை அழிக்கும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தோம். உள்பெட்டியில் அவன் யார் யாருக்கு எழுதினான் என்று பார்த்து, ஒவ்வொருவருக்கும் அவள் தானே எழுதினாள். ஒருவர் பணம் அனுப்பத் தயாராக இருந்திருக்கிறார், நண்பர்கள் முன்கூட்டியே சொன்னதால் நிறுத்திவிட்டார். வள்ளி அக்கா, இது உங்களால்தான்.

வள்ளி_க:

படிக்கப் படிக்கக் கண் கலங்குகிறது. தங்கைக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

செந்தூரன்:

மிகவும் மகிழ்ச்சி. ஆனால் வேலை முடியவில்லை, திருடர்கள் பின்கதவு வைத்துவிட்டுப் போவது வழக்கம். கணக்கோடு கூடுதலாக ஏதாவது மின்னஞ்சலோ போன் எண்ணோ சேர்க்கப்பட்டிருக்கிறதா பாருங்கள், நீக்குங்கள். இணைக்கப்பட்ட மற்ற கணக்குகள், அனுமதி கொடுத்த வெளி ஆப்கள், இவற்றில் தெரியாததை எடுங்கள். விளம்பரம் போட அட்டை இணைத்திருந்தால் அதன் பரிவர்த்தனைகளைப் பாருங்கள். பக்கம் எதையாவது நிர்வகித்தால், நிர்வாகிகள் பட்டியலில் புதியவர் யாராவது இருக்கிறார்களா என்று கட்டாயம் பாருங்கள். ஃபேஸ்புக்கில் கணக்கு மீண்ட பிறகும் பக்கத்தைப் பறிகொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

பிறகு இரண்டடுக்கை நீங்களே இயக்குங்கள். குறுஞ்செய்தியைவிட ஆதென்டிகேட்டர் மேல், கிடைத்தால் பாஸ்கீ (கடவுச்சொல்லுக்குப் பதில் போனின் விரல்ரேகை, முகம் அல்லது பூட்டு எண்ணால் நுழைவது) இன்னும் மேல். பேக்கப் கோடுகளைக் காகிதத்தில் எழுதி வையுங்கள், அதே போனில் மட்டும் வைக்க வேண்டாம்.

மழைத்துளி:

பழைய பயனர்பெயரைத் திரும்ப வைக்க முடியுமா? அந்தப் பெயரில்தான் அவளை எல்லாருக்கும் தெரியும்.

செந்தூரன்:

இன்ஸ்டாகிராம் என்றால் பெயரை மாற்றிய பின் பெரும்பாலும் 14 நாள் வரை பழைய பெயருக்குத் திரும்பலாம். அதன் பிறகு வேறு யாராவது எடுத்துக்கொள்ள முடியும். மற்றதெல்லாம் பிறகு செய்யலாம், இதை முதலில் மாற்றுங்கள்.

மழைத்துளி:

மாற்றிவிட்டோம், பழைய பெயர் கிடைத்துவிட்டது. தெரியாத ஒரு வெளி ஆப் இருந்தது, அதையும் எடுத்தோம். முகிலன், உங்கள் முறையீட்டுக்குப் பதில் வந்ததும் இங்கேயே எழுதுங்கள், நாங்களும் பார்த்துக்கொண்டிருப்போம்.

முகிலன்:

பிறந்த வருடம் தவறாகத்தான் இருந்தது. அடையாள அட்டையோடு முறையிட்டுவிட்டேன், "பரிசீலனையில்" என்று காட்டுகிறது. தரவையும் பதிவிறக்கி வைத்துவிட்டேன். பதில் வந்ததும் எழுதுகிறேன்.